அண்ணாச்சி பதில்கள்: பறந்து போனால் எவ்வளவு தூரம்?

இந்த வாரம் தபால் பை முழுக்க விமானக் கேள்விகள். பள்ளிக்கூட லீவு, வெளிநாட்டுப் பேரன் பேத்திகள் வந்து இறங்கும் பருவம், வேறென்ன வரும்? ரேஷன் கடை, பஸ் ஸ்டாண்ட் கேள்விகளுக்கு அடுத்த வாரம் பதில். பெல்ட்டைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கே: அண்ணாச்சி, கிருஷ்ணன்கோவிலிலிருந்து நியூயார்க் வான்வழியில் எத்தனை கிலோமீட்டர்? மகன் ‘ரொம்பத் தூரம்’ என்கிறான்.
(டீக்கடைக்காரர், கிருஷ்ணன்கோவில்)

ப: சுமார் 13,700. மகன் சொன்னது சரி. ‘அதனாலதான் பொங்கலுக்கு வர முடியலை’ என்று சேர்த்துச் சொன்னால் மட்டும் நம்பாதீர்கள். அந்தத் தூரம் போன பொங்கலுக்கும் அவ்வளவுதான் இருந்தது.

கே: அமெரிக்கா மேற்கே இருக்கிறது. அப்படியானால் இங்கிருந்து கிளம்பும் விமானம் நேரே மேற்கே திரும்பி, கேரளா, அரபிக்கடல், ஆப்பிரிக்கா என்றுதானே போக வேண்டும்?
(பொறியியல் மாணவர், கிருஷ்ணன்கோவில்)

ப: சுவரில் தொங்கும் தட்டை மேப்பை நம்பினால் அப்படித்தான். ஒரு பந்தை எடுங்கள். ராஜபாளையம் பக்கம் நூலுக்கா பஞ்சம்? ஒரு முனையை நம்மூரில் வைத்து மறுமுனையை நியூயார்க்கில் இழுத்துப் பிடியுங்கள். நூல் வடக்கு வடமேற்காக ஏறும். பாகிஸ்தான், மாஸ்கோ பக்கம், பின்லாந்து, ஐஸ்லாந்துக்குக் கிழக்கே ஒரு வளைவு, கிரீன்லாந்தின் தென்முனை, பிறகு இறக்கம். பெருவட்டப் பாதை என்பது இதுதான். உருண்டையில் இதைவிடக் குறுக்கு வழி கிடையாது. பரீட்சையில் மேற்கு என்று எழுதிவிட்டு மார்க் கேட்டு வராதீர்கள்.

கே: அப்போது மேப் பொய் சொல்கிறதா?
(அதே மாணவரின் அறை நண்பர்)

ப: அந்த மேப்பை மெர்கேட்டர் என்பவர் 1569-ல் வரைந்தது கப்பலோட்டிகளுக்காக. திசை பிசகாது, அளவு பிசகும். அதில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் அண்ணன் தம்பி மாதிரி தெரியும்; நிஜத்தில் ஆப்பிரிக்கா 14 மடங்கு பெரிசு. மேப்பைத் திட்டாதீர்கள். அதன்மேல் ஸ்கேல் வைத்த கையைத் திட்டுங்கள்.

கே: மதுரையிலிருந்து சென்னை பக்கமா, கொழும்பு பக்கமா? 500 ரூபாய் பந்தயம் கட்டியிருக்கிறோம்.
(இரண்டு நண்பர்கள், ஸ்ரீவில்லிபுத்தூர்)

ப: விமான நிலையத்துக்கு விமான நிலையம் அளந்தால் சென்னை சுமார் 420 கி.மீ., கொழும்பு சுமார் 355 கி.மீ. கொழும்பு என்றவர் ஜெயித்தார். நம் மாநிலத் தலைநகரைவிட அடுத்த நாட்டின் பெரிய பட்டணம் நமக்குக் கிட்டே. பந்தயப் பணத்தில் எனக்குச் சேர வேண்டியதைப் பால்கோவாவாக அனுப்பவும்.

கே: யாழ்ப்பாணம்?
(தோற்ற நண்பர்)

ப: மதுரையிலிருந்து நேர் கிழக்கே சுமார் 217 கி.மீ. தான். பலாலி நிலையம் 2019 அக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது. அடுத்த மாதம் சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் போய் இறங்கியது. 2025 மார்ச் கடைசியில் திருச்சியிலிருந்து இண்டிகோ தொடங்கியது. அங்கிருந்து 184 கி.மீ. தான். மதுரைக்காரர் யாழ்ப்பாணம் போக முதலில் திருச்சிக்குப் பஸ் பிடிக்க வேண்டும். கடல் தாண்டுவது சுலபம், மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதுதான் பாடு.

கே: அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்கு விமானமே கிடையாதா?
(ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வத்திராயிருப்பு)

ப: இருந்தது, ஐயா. ஏர் சிலோன் தன் முதல் பயணத்தையே 1947 டிசம்பர் 10-ல் கொழும்பு பக்கத்து ரத்மலானையில் தொடங்கி, யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத்தான் பறந்தது. டகோட்டா ரகம், பெயர் ‘சீதா தேவி’. ராவணன் ஊரிலிருந்து சீதை திரும்பி வந்தது விமானத்தில்தான் என்று கம்பனுக்குப் பிறகு இன்னொரு முறை நிரூபணம் ஆயிற்று.

கே: விமானம் இல்லாதவர்கள் எப்படிப் போனார்கள்?
(அவருடைய பேத்தி)

ப: போட் மெயிலில், தாயி. சென்னை எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடி, அங்கே கப்பல், அக்கரையில் தலைமன்னார், மறுபடி ரயில். 1914-ல் தொடங்கியது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைத் தின்றுவிட்டது. இன்றைக்கு அரை மணி நேரத்தில் பறக்கிற கடலைப் பற்றித் தாத்தாவிடம் கேள். ஒரு முழு ராத்திரி பேசுவார்.

கே: துபாய் தூரமா, சிங்கப்பூர் தூரமா? இரண்டு இடத்திலும் வேலை வந்திருக்கிறது.
(ஐ.டி.ஐ. முடித்தவர், ராஜபாளையம்)

ப: மதுரையிலிருந்து துபாய் சுமார் 2,950 கி.மீ., சிங்கப்பூர் சுமார் 3,010 கி.மீ. இரண்டும் ஏறத்தாழ ஒரே தூரம். ஆகவே கிலோமீட்டரை விட்டுவிட்டுச் சம்பளச் சீட்டைப் பாருங்கள். அதைவிட முக்கியம், ஏஜென்ட் கேட்கும் கமிஷனைப் பாருங்கள்.

கே: டெல்லி நமக்கு எந்தத் திசை?
(எட்டாம் வகுப்பு மாணவி, ஸ்ரீவில்லிபுத்தூர்)

ப: அநேகமாக நேர் வடக்கு. நம்மூர் தீர்க்கரேகை 77.7 டிகிரி, பெங்களூர் 77.6, டெல்லி 77.2. மூன்றும் ஏறத்தாழ ஒரே கோடு. நாம் டெல்லிக்கு நேராகத்தான் நிற்கிறோம். டெல்லிக்கு நாம் தெரிகிறோமா என்பது பாடத்திட்டத்தில் இல்லை.

கே: விமானமோ மீட்டரோ இல்லாமல் டெல்லி எவ்வளவு தூரம் என்று கண்டுபிடிக்க முடியுமா?
(அதே மாணவி; விடமாட்டேன் என்கிறாள்)

ப: ஒரு குச்சி போதும். சித்திரை மாதப் பிறப்பை ஒட்டி, பகல் 12.20 வாக்கில் நம்மூரில் நட்ட குச்சிக்கு நிழலே விழாது. சூரியன் நேர் உச்சியில். அதே நேரம் டெல்லியில் உன் தோழி ஒரு குச்சி நட்டால் நிழல் விழும். நிழலின் நீளத்திலிருந்து சாய்வைக் கணக்கிட்டால் 19 டிகிரி வரும். ஒரு டிகிரிக்கு 111 கி.மீ. பெருக்கினால் 2,100 கி.மீ. கிட்டத்தட்ட அச்சு அசல். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எரட்டோஸ்தனீஸ் இதே வித்தையை எகிப்தில் செய்து பூமியின் சுற்றளவையே சொல்லிவிட்டார். அவருக்கு டெல்லியில் தோழி இல்லை, அவ்வளவுதான் குறை.

கே: பூமிதான் சுற்றுகிறதே! ஹெலிகாப்டரில் மேலே போய் அசையாமல் நின்றால் அமெரிக்கா தானாகக் கீழே வந்துவிடாதா? டீசல் மிச்சம்.
(ஆட்டோ ஓட்டுநர், ராஜபாளையம்)

ப: நம்மூர் தரை மணிக்கு 1,647 கி.மீ. வேகத்தில் கிழக்கே ஓடுகிறது, நிஜம். ஆனால் காற்றும், ஹெலிகாப்டரும், நீங்களும் அதே வேகத்தில் கூடவே ஓடுகிறீர்கள். இல்லையென்றால் ஒரு நொடி எம்பிக் குதித்தவர் 450 மீட்டர் மேற்கே போய் விழ வேண்டும். ஸ்கிப்பிங் ஆடும் பிள்ளைகளெல்லாம் சாயங்காலத்துக்குள் கேரளாவில் இருப்பார்கள்.

கே: உலகத்தில் இரண்டு ஊர்களுக்கு நடுவே அதிகபட்சம் எவ்வளவு தூரம் இருக்க முடியும்?
(நூலகர், ஸ்ரீவில்லிபுத்தூர்)

ப: 20,000 கி.மீ. அதற்கு மேல் போனால் திரும்பி வர ஆரம்பித்துவிடுவீர்கள். ஸ்பெயினின் மாட்ரிட்டும் நியூசிலாந்தின் வெலிங்டனும் அந்த எல்லையைத் தொடுகிற மாதிரி எதிரெதிரே இருக்கின்றன. சம்பந்தம் செய்துகொள்ள உத்தமமான ஊர்கள்.

கே: கிருஷ்ணன்கோவிலுக்கு நேர் எதிர்ப்பக்கம் என்ன ஊர்?
(விவசாயி, வத்திராயிருப்பு)

ப: ஊரே இல்லை. பெரு நாட்டுக் கரைக்கு மேற்கே 2,500 கி.மீ.க்கும் அப்பால், பசிபிக் கடல் நடுவே ஒரு புள்ளி. போர்வெல் போடுகிறவர்களுக்குச் சொல்லி வையுங்கள்: 12,700 கி.மீ. இறக்கினால் தண்ணீர் உறுதி.

கே: சுற்றளவு 40,000, அதில் பாதி 20,000 என்று பூமி இப்படி உருண்டையான எண்ணாக எப்படி அமைந்தது? கடவுள் செயலா?
(பக்தர், ஸ்ரீவில்லிபுத்தூர்)

ப: பிரெஞ்சுக்காரர் செயல். 1790-களில் வடதுருவத்திலிருந்து பாரிஸ் வழியாக நிலநடுக்கோடு வரையுள்ள தூரத்தை ஒரு கோடியாக வகுத்து, அதில் ஒரு பங்குக்கு மீட்டர் என்று பெயர் வைத்தார்கள். பூமிக்கு ஏற்ற சட்டை தைக்கவில்லை; பூமியை வைத்தே டேப் தைத்தார்கள். பிறகு அளந்தால் பொருந்தாமல் என்ன செய்யும்?

கே: விமானிகள் ஏன் கிலோமீட்டர் பேசாமல் ‘நாட்டிக்கல் மைல்’ என்கிறார்கள்? பந்தாவா?
(மினிபஸ் நடத்துநர், கிருஷ்ணன்கோவில்)

ப: கொஞ்சம் பந்தா, நிறைய வசதி. ஒரு டிகிரியை 60-ஆகப் பிரித்தால் ஒரு கலை. தரையில் அதன் நீளம்தான் ஒரு நாட்டிக்கல் மைல், 1,852 மீட்டர். மேப்பில் டிகிரி பார்த்தாலே தூரம் வந்துவிடும். நீங்களும்தான் ‘ஸ்டேஜ்’ கணக்கில் காசு வாங்குகிறீர்கள். யாராவது கேட்டார்களா?

கே: சென்னையிலிருந்து லண்டன் எவ்வளவு? விமானம் 11 கி.மீ. உயரத்தில் பறப்பதால் தூரம் கூடாதா?
(கணக்கு ஆசிரியை, ராஜபாளையம்)

ப: தரைக் கணக்கில் சுமார் 8,200 கி.மீ. உயரே போகப் போக வட்டம் பெரிதாகும், ஆகவே தூரமும் கூடும். எவ்வளவு? மொத்தமே சுமார் 14 கி.மீ. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறி ராஜபாளையம் வந்து, பழைய பஸ் ஸ்டாண்டைக் கொஞ்சம் சுற்றினால் சரியாகிவிடும்.

கே: போகும்போது ஒரு நேரம், வரும்போது ஒரு நேரம் ஏன் ஆகிறது? வழி ஒன்றுதானே?
(லண்டனில் மகள் உள்ள தாய், ராஜபாளையம்)

ப: வழியில் காற்று என்று ஒருவர் இருக்கிறார். முப்பதாயிரம் அடிக்கு மேலே மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் காற்றோட்டத்துக்கு ஜெட் ஸ்ட்ரீம் என்று பெயர். அது முதுகில் தள்ளினால் சீக்கிரம், முகத்தில் அடித்தால் தாமதம். 2020 பிப்ரவரியில் ஒரு புயலின் புண்ணியத்தில் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்விட்டது பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம். மகள் வரும்போது காற்று சாதகம். திரும்பும்போது பெட்டி கனம், காற்றும் பாதகம்.

கே: நீளமான வழியில் போய் சீக்கிரம் சேர முடியுமா? முடியும் என்கிறான் என் மச்சினன். அவனை எப்படி மடக்குவது?
(ஜவுளிக்கடைக்காரர், ராஜபாளையம்)

ப: மடக்க முடியாது, மச்சினன் சொல்வது நடந்திருக்கிறது. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா தன் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் பக்கத்திலிருந்து பசிபிக் பக்கம் திருப்பிவிட்டது. பழைய வழி சுமார் 13,900 கி.மீ., புது வழி சுமார் 15,300. கூடுதலாக 1,400 கி.மீ.; ஆனால் பயண நேரம் இரண்டு மணியளவு குறைந்தது, காற்று பின்னாலிருந்து தள்ளியதால். அடுத்த முறை மச்சினன் பேசும்போது குறுக்கே பேசாதீர்கள்.

கே: வடதுருவத்துக்கு மேலே நம் விமானம் பறந்ததுண்டா?
(கல்லூரி மாணவி, கிருஷ்ணன்கோவில்)

ப: உண்டு, நீங்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளும் விதத்தில். 2021 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு, நேர்த் தூரத்தில் சுமார் 14,000 கி.மீ., நடுவில் எங்கும் இறங்காமல், துருவத்தின் வழியாக ஏர் இந்தியா விமானத்தை ஓட்டி வந்தவர் கேப்டன் ஜோயா அகர்வால். விமானி அறையில் இருந்த அத்தனை பேரும் பெண்கள். ‘பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இவ்வளவு தூரம்’ என்று யாராவது சொன்னால், இந்தக் கிலோமீட்டரை ஒப்பித்துவிட்டு நகருங்கள்.

கே: நேர்வழி தெரிந்தும் விமானங்கள் ஏன் சுற்றிப் போகின்றன?
(வழக்கறிஞர் குமாஸ்தா, ஸ்ரீவில்லிபுத்தூர்)

ப: வானத்துக்கும் பட்டா உண்டு. 2022-ல் ரஷ்யா தன் வான்வெளியை ஐரோப்பிய விமானங்களுக்கு மூடியது. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்குச் சுமார் ஒன்பது மணியில் போன பின்லாந்தின் பின்னேர் விமானம் 13 மணி சுற்றியது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை நம் விமானங்களுக்கு மூட, டெல்லியிலிருந்து மேற்கே போகிறவை அரபிக்கடல் பக்கம் ஒதுங்கின. இரண்டு ஊர்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று இனி பூகோள வாத்தியாரைக் கேட்காதீர்கள். வெளியுறவு மந்திரியைக் கேளுங்கள்.

கே: திபெத் மேலே யாரும் சண்டை போடவில்லையே, அங்கே ஏன் விமானங்கள் அதிகம் போவதில்லை?
(வழக்கறிஞர், குமாஸ்தாவைப் பார்த்துப் பொறாமை)

ப: விமானத்துக்குள் காற்றழுத்தம் போனால் விமானி உடனே 10,000 அடிக்கு இறங்கியாக வேண்டும். திபெத்தில் தரையே 14,000 அடிக்கு மேல். தலைக்கு மேல் தொங்கும் முகமூடி தரும் ஆக்சிஜனோ ஏறத்தாழ கால் மணி நேரம்தான். இறங்க இடமில்லாத ஊருக்கு மேலே எவன் சுற்றுவான்?

கே: உலகத்திலேயே நீளமான பயணிகள் விமானப் பயணம் எது?
(மருந்துக் கடைக்காரர், ராஜபாளையம்)

ப: சிங்கப்பூர்–நியூயார்க். சுமார் 15,300 கி.மீ., பதினெட்டரை மணிக்கும் மேல். ஏர்பஸ் ஏ350 ரகத்தில் தனியாகச் செய்து வாங்கிய விமானம், 161 இருக்கைகள். அதில் எகானமி வகுப்பே கிடையாது. சிக்கன வகுப்பில் 18 மணி நேரம் உட்கார வைத்தால் பயணி வழக்குப் போடுவான், மூட்டும் சாட்சி சொல்லும்.

கே: குட்டையான பயணம்?
(அதே கடைக்கு மாத்திரை வாங்க வந்தவர்)

ப: ஸ்காட்லாந்தில் வெஸ்ட்ரே தீவிலிருந்து பாப்பா வெஸ்ட்ரே தீவுக்கு. 2.7 கி.மீ., ஒன்றரை நிமிடம். காற்று ஒத்துழைத்த நாளில் 53 நொடி. நம் பஸ்ஸில் நடத்துநர் சில்லறை தேடி முடிப்பதற்குள் அங்கே போய் இறங்கி வீட்டுக் கதவைத் தட்டிவிடுவார்கள்.

கே: மதுரையிலிருந்து லண்டனுக்கு நேரடி விமானம் ஏன் இல்லை?
(ஹோட்டல் முதலாளி, கிருஷ்ணன்கோவில்)

ப: லண்டன் தூரம் என்பதால் அல்ல, ஓடுதளம் குட்டை என்பதால். மதுரையில் இருப்பது 7,500 அடி. எண்ணெய் டேங்கை நிரப்பி, ஆளையும் பெட்டியையும் அடைத்த பெரிய விமானம் மேலே எழும்ப 10,000 அடி கேட்கும். நீட்டத் திட்டம் இருக்கிறது, நிலமெடுப்புப் பேச்சு வருஷக்கணக்காக ஓடுகிறது. எல்லாவற்றிலும் நீளமாக ஓடுவது அந்தப் பேச்சுதான்.

கே: மதுரை–சென்னை 420 கி.மீ. தானே? மணிக்கு 800 கி.மீ. பறக்கும் விமானத்துக்கு ஒரு மணிக்கும் மேல் ஏன்?
(கம்ப்யூட்டர் சென்டர் நடத்துபவர், ஸ்ரீவில்லிபுத்தூர்)

ப: 800 என்பது மேலே ஏறி நிதானமான பிறகு. இந்தத் தூரத்தில் ஏறி முடிப்பதற்குள் இறங்கத் தொடங்க வேண்டும். தரையில் ஊர்வது, வரிசையில் நிற்பது, சென்னைக்கு மேலே இடம் காலியாகக் காத்திருப்பது எல்லாம் அந்த ஒரு மணியில் அடக்கம். ஏ.டி.ஆர். ரக விசிறி விமானம் என்றால் வேகமே 500 தான். ‘காபி தருவார்களா?’ என்று கேட்பதற்குள் ‘பெல்ட்டைப் போடுங்கள்’ என்பார்கள்.

கே: தீபாவளி சமயத்தில் சென்னை–மதுரை டிக்கெட் சில நாள் சிங்கப்பூர் டிக்கெட்டை எட்டிப் பிடிக்கிறதே! 420 எங்கே, 3,000 எங்கே?
(சென்னையில் வேலை பார்க்கும் ராஜபாளையத்துக்காரர்)

ப: டிக்கெட்டின் அளவுகோல் கிலோமீட்டர் என்று யார் சொன்னது? உங்கள் அவசரத்தை அளக்கிறார்கள். பொதிகை எக்ஸ்பிரஸ் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நிற்கும், ராஜபாளையத்திலும் நிற்கும். அதில் டிக்கெட் கிடைத்துவிட்டால் உங்களுக்கு அவசரமே இல்லை.

கே: எங்கள் ஊருக்கு விமான நிலையம் எப்போது வரும்?
(வார்டு பிரமுகர், கிருஷ்ணன்கோவில்)

ப: நேர்கோட்டில் மதுரை நிலையம் சுமார் 54 கி.மீ., தூத்துக்குடி சுமார் 100, திருவனந்தபுரம் சுமார் 147. மூன்று நிலையங்கள் சுற்றி நிற்க நாலாவது எதற்கு? தேர்தல் அறிக்கையில் போடுவதற்கு என்றால் தாராளமாகப் போடுங்கள்.

கே: நேர்கோட்டில் 54 என்கிறீர்கள். எனக்கு மதுரை விமான நிலையம் போக ஒன்றரை மணிக்கு மேல் ஆகிறதே?
(துபாய் திரும்பும் எலெக்ட்ரீஷியன், கிருஷ்ணன்கோவில்)

ப: நேர்கோட்டில் கல்லுப்பட்டி கிடையாது, திருமங்கலம் கிடையாது, வழியனுப்ப வந்த சித்தப்பாவுக்கு டீ வாங்கித் தர நிறுத்துவதும் கிடையாது.

கே: பால்கோவா எத்தனை கிலோமீட்டர் கெடாமல் தாங்கும்?
(சிங்கப்பூர் மாப்பிள்ளை வீடு, ஸ்ரீவில்லிபுத்தூர்)

ப: 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு, சிங்கப்பூர் வரை அலட்டிக்கொள்ளாது. செக்-இன் பெட்டியில் வையுங்கள். ஆபத்து முழுக்க வீட்டு வாசலிலிருந்து விமான நிலையம் வரைக்கும்தான். காரின் பின்சீட்டில் யார் உட்காருகிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

கே: சிவகாசி மத்தாப்பு ஒரே ஒரு பெட்டி, பேரனுக்காக, கொண்டுபோகலாமா?
(தாத்தா, ராஜபாளையம்)

ப: கூடவே கூடாது. கைப்பையிலும் இல்லை, பெட்டியிலும் இல்லை. மத்தாப்பு அமெரிக்கா போகாது. நீங்களும் அன்றைக்குப் போகமாட்டீர்கள்.

கே: சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி வெளிநாட்டுக்கு விமானத்தில் போகிறதா?
(தறி உரிமையாளர், சத்திரப்பட்டி)

ப: அவசர ஆர்டர் என்றால் விமானம், வழக்கமான ஆர்டர் என்றால் தூத்துக்குடிக் கப்பல். விமானத்தில் ஏற்றினால் நோயாளிக்கு ரத்தம் நிற்கும். கூலிக் கணக்கைப் பார்க்கும் உங்களுக்குக் கொட்டும்.

கே: பறவைகள் எங்கேயும் இறங்காமல் எவ்வளவு தூரம் பறக்கும்?
(செண்பகத்தோப்பு பக்கம் பறவை பார்க்கப் போகும் இளைஞர்)

ப: 2022 அக்டோபரில் பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவை அலாஸ்காவில் கிளம்பி ஆஸ்திரேலியாவின் தாஸ்மானியாவில் இறங்கியது. 13,560 கி.மீ., 11 நாள், இரை இல்லை, இறக்கம் இல்லை. வயது ஐந்து மாதம். கிருஷ்ணன்கோவில்–நியூயார்க் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு விசாவும் கிடையாது, ‘சேர்ந்ததும் போன் பண்ணு’ என்று அழும் அம்மாவும் கிடையாது.

கே: பேரன் சிட்னியில், பேத்தி டொராண்டோவில். யார் எனக்கு அதிக தூரம்?
(பாட்டி, ராஜபாளையம்)

ப: சிட்னி சுமார் 9,100 கி.மீ., டொராண்டோ சுமார் 13,700. ஆனால், ஆத்தா, பிரசவ நேரத்தில் டிக்கெட்டோடு கூப்பிடுவார்கள் பாருங்கள், அந்தச் சமயம் இரண்டுமே கூப்பிடு தூரம்தான்.

கே: அமெரிக்காவிலிருந்து வந்த அக்கா மகன் பகலெல்லாம் தூங்குகிறான். ‘ஜெட்லாக்’ என்கிறான். வந்து ஒரு மாதம் ஆயிற்று.
(தாய்மாமன், வத்திராயிருப்பு)

ப: ஒரு மணி நேர வித்தியாசம் சரியாக ஒரு நாள் என்பது பொதுவான கணக்கு. நியூயார்க்குக்கும் நமக்கும் பத்து மணியை ஒட்டிய வித்தியாசம். ஆகப் பத்து நாள். பதினோராம் நாள் முதல் அவன் தூங்குவது உங்கள் பரம்பரையில் சேரும்.

கே: கிளம்பிய நேரத்துக்கு முன்பே போய்ச் சேர முடியுமா?
(வட்டிக்கடைக்காரர், ராஜபாளையம்)

ப: முடிந்திருக்கிறது. கன்கார்டு விமானம் லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு மூன்றரை மணியில் பறந்தது; நியூயார்க் கடிகாரம் ஐந்து மணி நேரம் பின்தங்கியது. கிளம்பியது பத்தரை மணி என்றால் அங்கே இறங்கும்போது ஒன்பதுதான். 2003-ல் நிறுத்திவிட்டார்கள். இன்றைக்கும் டோக்கியோவில் ராத்திரி ஏறினால், தேதிக்கோட்டைத் தாண்டி ஹோனலூலுவில் அதே நாள் காலையில் இறங்கலாம். அந்த ஒரு நாளுக்கு வட்டி போடுவதா வேண்டாமா என்றுதானே யோசிக்கிறீர்கள்?

கே: இந்தியாவில் தூரத்தை ஒழுங்காக அளக்க ஆரம்பித்தது எங்கே?
(சர்வேயர், ஸ்ரீவில்லிபுத்தூர்)

ப: சென்னையில், பரங்கிமலை அடிவாரத்தில், 1802-ல். வில்லியம் லாம்டன் போட்ட அந்த முதல் கோட்டிலிருந்துதான் முக்கோணம் முக்கோணமாக இமயம் வரை அளவை ஏறியது. அவருடைய அளவைக் கருவி அரை டன் கனம். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் கயிறு கட்டி ஏற்றும்போது மோதி உடைந்தது. விமானத்தில் ஏற்றிய லக்கேஜ் சேதம் என்று நம் நாட்டில் பதிவான முதல் கேஸ் அதுவாகத்தான் இருக்கும். நஷ்டஈடு இல்லை.

கே: நம்மூர்ப் பக்கம் வழக்கமான விமானச் சேவையில் முதலில் பயணம் செய்தது யார்? பணக்காரரா?
(தபால்காரர், கிருஷ்ணன்கோவில்)

ப: உங்கள் சொந்தக்காரர்தான். கடிதம்! 1932 அக்டோபர் 15-ல் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபால் மூட்டையோடு பறந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். மனிதர்களைவிடக் கடிதங்கள் தொல்லை இல்லாதவை. ஜன்னல் சீட் கேட்காது.

கே: இந்தியாவிலிருந்து லண்டனுக்கு நம் விமானம் எப்போது போனது?
(ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், ராஜபாளையம்)

ப: 1948 ஜூன் 8. ‘மலபார் பிரின்சஸ்’ என்ற கான்ஸ்டலேஷன் விமானம், பம்பாய்–கெய்ரோ–ஜெனீவா–லண்டன். வெள்ளைக்காரன் ஊரைக் காலி செய்து பத்து மாதம்கூட ஆகவில்லை. ‘ஏதாவது விட்டுட்டுப் போனீங்களா?’ என்று கேட்க நாமே போய் இறங்கிவிட்டோம்.

கே: இவ்வளவு பேசுகிறீர்களே அண்ணாச்சி, நீங்கள் எத்தனை தடவை விமானம் ஏறியிருக்கிறீர்கள்?
(‘உண்மை விளம்பி’, ஊர் எழுதவில்லை)

ப: பூமியின் சுற்றளவைச் சொன்ன எரட்டோஸ்தனீஸ் விமானத்தை நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. நான் நிமிர்ந்தாவது பார்க்கிறேன்.